கச்சான் காலத்துக் கடல்

ஜூன் முதல் தேதி தேக்கடித் தலைமதகு திறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருடம் பிறந்த மாதிரி. முல்லைப் பெரியாறு அணையில் இருப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முதல் போகத்துக்கு விதை பாவுவார்கள். பாவியதிலிருந்து நாற்றுப் பிடுங்கும் வரை மூன்று நான்கு வாரம் கிடைக்கும். தண்ணீர் பார்க்க வீட்டுக்கு ஓர் ஆள் நின்றால் போதும். மற்றவர்கள் வேன் பிடித்து ராமேஸ்வரம் போய்வர அதுதான் நாள்.

சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் அந்த நாட்களை ஆஃப் சீசன் என்பார்கள். கோடை விடுமுறைக் கூட்டம் ஊர் திரும்பியிருக்கும். ஆடி அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கும். லாட்ஜ் வரவேற்பறையில் சாவிகள் வரிசையாகத் தொங்கும். தேனிக்காரர்கள் அந்தச் சமயத்தில் போவதைச் சிக்கனம் என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரியும். அவர்களுக்கு வேறு நாள் இல்லை.

சித்திரையில் ஊரை விட்டு நகர முடியாது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள். அக்னிச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக மாவட்டமே முல்லையாற்றங்கரையில் நிற்கும். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற நாளில் வீட்டுக்காரர் கடற்கரைக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? போடிப் பக்கத்தில் மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆடியில் தொடங்கும் காயெடுப்பு தை, மாசி வரை இழுக்கும். திராட்சைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஒரே ஒரு பருவத்தோடு நிற்பதில்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். மார்க்கெட் பார்த்துக் கவாத்து நாளைத் தள்ளிப்போடுகிறவர் தன் விடுமுறையையும் சேர்த்தேதான் தள்ளிப்போடுகிறார்.

கார்த்திகை பிறந்தாலோ ஊரே அடுத்தவர்களின் சீசனாகிவிடும். தமிழகம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து சபரிமலைக்குப் போகும் வண்டிகள் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வரிசை கட்டும். நெரிசல் தாங்காமல் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப்பாதை அமலுக்கு வரும். சாலையோரத்தில் பழக்கடை, டீக்கடை, சிப்ஸ் கடை போட்டிருக்கும் குடும்பங்கள் வருடத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கை அந்த இரண்டு மாதத்தில்தான் பார்க்கும். கூட்டம் என்றால் என்ன, கூட்டம் வடிந்தபின் ஒரு ஊர் எப்படி இருக்கும் என்பதை விற்கிற பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர்கள் இவர்கள். வாங்குகிற பக்கம் போய் நிற்கும்போது அந்த அனுபவம் கைகொடுக்கிறது.

மலை சூழ்ந்த மாவட்டத்துக்குக் கடல் தூரம்தான். ஆனால் வழி இருந்திருக்கிறது. பழைய 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் புறப்பட்டு மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை, ராமநாதபுரம் வழியாக தனுஷ்கோடிக்குப் போனது. ஒரு முனையில் அரபிக்கடல், மறுமுனையில் மன்னார் வளைகுடா, நடுவில் தேனி. பின்னால் எண்களை மாற்றியபோது கொச்சியிலிருந்து வரும் சாலையைத் தொண்டிக்குத் திருப்பி 85 என்றார்கள். தனுஷ்கோடிச் சாலை 87 ஆனது. எண் மாறினாலும் தொண்டியிலும் கடல்தான் நிற்கிறது.

ரயில் கதை இதைவிட நீளம். 1928-ல் வந்த மதுரை – போடி பாதையை அகலப்பாதையாக்குவதற்காக 2010 கடைசியில் மூடினார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் கழித்து 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் ஊருக்குள் தண்டவாளம் கிடந்த இடத்தை வாக்கிங் போகிற பாதையாகத்தான் அறிந்திருந்தார்கள். இப்போது போடியிலோ தேனியிலோ ஏறி மதுரையில் மாறினால் ராமேஸ்வரம் வரை தண்டவாளத்திலேயே போய்விடலாம். பேருந்தில் போகிறவர்களின் பழைய தலைவலி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தேனி வண்டி ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும், ராமேஸ்வரம் வண்டி மாட்டுத்தாவணியில் நிற்கும். பாட்டி, கைக்குழந்தை, கட்டுச்சோற்றுத் தூக்குவாளி எல்லாவற்றையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி மதுரையைக் குறுக்கே கடப்பதற்குள் பாதிப் பேருக்குக் கடல் ஆசை போய்விடும்.

மதுரையைத் தாண்டியதும் மானாமதுரை, பரமக்குடி என்று ரயிலோடு கூடவே வைகையும் வருகிறது. வருசநாட்டு மலையில் பிறந்த ஆறு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தேனிப் பக்கத்தில் இதில்தான் கலக்கிறது. 1895-க்கு முன்பு வரை மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பென்னிகுக். அவர் படம் இல்லாத டீக்கடை கம்பத்தில் குறைவு. அந்தத் தண்ணீர் 1959-ல் கட்டிய வைகை அணையில் நின்று, மதுரைக்கு, மேலூருக்கு, சிவகங்கைக்கு என்று பிரிந்து, மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டும். அதற்கப்பாலும் மிஞ்சினால் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே பாக் நீரிணைக் கடலில் சேரும். ஜூன் மாதத்தில் பரமக்குடிப் பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் சீமைக் கருவேலமும்தான். வயலில் முழங்கால் சேற்றில் விதை பாவிவிட்டு வந்த கூடலூர்க்காரர் அங்கே சன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பேசாமல்தான் வருவார். தலைமடைக்காரருக்குக் கடைமடையைக் காட்டுவதற்கு இந்த ரயிலைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

பாம்பனில் எல்லோரும் சன்னலுக்கு ஓடுவார்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிடும்போது பழைய பாலம் இரண்டு கையையும் தூக்கியது; புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. காற்றின் வேகம் அளவைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் கரையில் காத்துக்கிடக்கும். அந்தப் பழைய விதி புதிய பாலத்திலும் தொடர்கிறது.

ராமேஸ்வரத்தின் சீசனைத் தீர்மானிக்கிற முதல் ஆள் அந்தக் காற்றுதான்.

கம்பத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் அடிக்கும். மேற்கு மலையில் மோதி மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தைக் கூடலூர், கம்பம் மேல் தெளித்துவிட்டு, ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக் கிழக்கே போகிற தென்மேற்குப் பருவக்காற்று ராமநாதபுரத்துக்குள் நுழையும்போது வறண்டு கிடக்கும். கடற்கரையில் அதைக் கச்சான் என்பார்கள். கச்சான் வீசுகிற மாதங்களில் ராமேஸ்வரம் தீவின் தென்புறக் கடல், அதாவது மன்னார் வளைகுடா, பொங்கிக்கொண்டு கிடக்கும். வடபுறத்துப் பாக் நீரிணைக் கடல் குளம் போலிருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று கிளம்பினால் வேஷம் மாறும்: வடக்கு கொந்தளிக்கும், தெற்கு அடங்கும். தென்கடலை ஆண் கடல், வடகடலை பெண் கடல் என்று தனுஷ்கோடிக்காரர்கள் பிரித்துச் சொல்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். வாடை மாதங்களில் அந்தப் பெண் கடலின் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் பெயர் வைத்தவரை நம்பமாட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ராமேஸ்வரத்துக் கடல் என்றால் ஒரே கடல் என்று நினைத்து, ஜூலை மாதம் தனுஷ்கோடிச் சாலையில் தென்புறம் இறங்கப் பார்த்து, அலையைக் கண்டு மிரண்டு திரும்புவார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கச்சான் காலத்தில் தோது, உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள அரியமான் கடற்கரை. வடகடல், சவுக்குத் தோப்பு நிழல், நெடுந்தூரம் முழங்காலளவுத் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமையில் அங்கேயும் ராமநாதபுரமே வந்து நிற்கும். செவ்வாய், புதன் போனால் சவுக்கு மரத்தடியில் புளிச்சோற்றை அவிழ்த்துவைத்துவிட்டு மத்தியானம் வரை பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிடலாம். கையில் குச்சி வைத்த ஒரு சித்தப்பாவோ மாமாவோ கரையில் காவல் நிற்பது நல்லது. காலியான கடற்கரையில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆள் இருக்காது.

கோயிலுக்குள் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்து, ஈரத்துணியோடு உள்ளே போய் 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீர் வாங்கி, உடை மாற்றிக்கொண்டு சந்நிதிக்குப் போவது இங்கே முறை. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் இந்த வரிசையில் நிற்பவர்களுக்கு ஒவ்வொரு கிணற்றடியிலும் தலையில் விழுவது ஒரு கை நீர்தான், அதிலும் பாதி பக்கத்து ஆளுக்கு. ஆனி மாதத்து வியாழக்கிழமை காலையில் வாளி நிறைய ஊற்றுவார்கள். பாட்டிக்கு ஒன்று கூடுதலாகவும். 1,212 தூண் கொண்ட மூன்றாம் பிரகாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே ஆளே இல்லாமல் பார்க்கிற வாய்ப்பு சீசனில் வருகிறவருக்கு வாய்க்காது. தகப்பனாருக்குத் திதி கொடுக்க வருகிறவர்களும் அமாவாசைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இறந்த திதி எந்த நாளில் வருகிறதோ அந்த நாளில் வந்து கொடுத்துவிட்டுப் போகலாம். அக்னி தீர்த்தக் கரையில் புரோகிதர் அவசரப்படுத்தாமல் மூன்று தலைமுறைப் பெயரையும் கேட்டுச் சொல்வார்.

விடிகாலையில் எழுந்தால் ஸ்படிக லிங்க தரிசனம் உண்டு. மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வெயில் கருணை காட்டாது. இதைச் சொல்லிவிட வேண்டும்: ஆஃப் சீசன் என்றால் குளிர்ச்சி என்று மலைவாசிகள் கணக்குப் போடுவார்கள். மேகமலையிலோ மூணாறிலோ அது சரி. ராமநாதபுரத்துக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜூன், ஜூலையில் அனல் காற்று, மணல், கண்ணில் உப்பு. சாரலில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பிய கம்பத்துக் குழந்தை பாம்பனில் சட்டையையும் கழற்றிவிடும்.

மணல் என்றது வெறும் பேச்சுக்கில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து அழித்தபின் அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கே சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்தில் வேன்காரர்கள் காத்திருப்பார்கள். மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போய்வர வேண்டும். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது. அதிலிருந்து யாரும் சொந்தக் காரில் போகலாம், போகிறார்கள். கச்சான் பலமாக அடிக்கிற வாரங்களில் அந்தச் சாலையையே மணல் மூடிவிடும். நெடுஞ்சாலைத் துறையினர் இயந்திரம் வைத்து அள்ளிப்போடுவார்கள், மறுநாள் மறுபடியும் மூடும். அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது. இரண்டு கடலும் மோதும் இடத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரவு தங்க விடுவதில்லை. இடிந்த தேவாலயத்துக்கு எதிரே குடிசைக் கடைகளில் சங்கும் பாசியும் விற்கிற பெண்களுக்கு இந்த மாதங்களில் வியாபாரம் மந்தம். பேசுவதற்கு நேரம் இருக்கும். சீசனில் விலை சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பவர்கள், இப்போது எந்தச் சங்கு எந்தக் கடலில் ஒதுங்கும் என்று பிள்ளைகளுக்கு வகுப்பே எடுப்பார்கள்.

பூநாரையை நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 524 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அறிவிப்பு ஜூனில் வந்தது, பறவைகள் வருவது குளிர்காலத்தில். ஆகவே பறவை பார்க்க ஆசைப்பட்டால் ஆனி மாதம் உதவாது.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாள் கோயில் என்பதால் பெரும்பாலான தேனிக் குடும்பங்களில் கட்டுச்சோறுதான், கவிச்சி கிடையாது. இரண்டாம் நாள் மீன் கேட்பார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் ராமேஸ்வரம் துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நிற்கும். சில கரையேறிப் பெயின்ட் பூசிக்கொள்ளும். நாட்டுப்படகுக்காரர் பிடித்து வருவதுதான் மீன். கோடை விடுமுறைக் கூட்டம் சரியாகத் தடைக்காலத்தில் வந்துவிட்டு, கடற்கரையில் மீன் இவ்வளவு விலையா என்று அலுத்துக்கொண்டு போகும். ஜூன் பாதிக்குமேல் வருகிறவருக்குத் தடை முடிந்து முதல் வலை ஏறிய மீன் கிடைக்கும். இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று மீனவர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு கரைக்கு வரும் காலையில் ஏலக்கூடத்தில் நின்றால் இறால், நண்டு, கணவாய் என்று ஏலச் சத்தம் காதைப் பிளக்கும். போடி ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டர் திரையில் அமைதியாக நடக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய தோட்டக்காரருக்கு வாய்விட்டுக் கூவுகிற ஏலம் தனி வேடிக்கை.

திரும்பும்போது தங்கச்சிமடத்தில் வண்டி ஒருமுறை நிற்கும். அங்கே பதியம் போட்டு விற்கிற மல்லிகை நாற்று ஊர் ஊராகப் போகிறது. சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டுக்குப் பூ போடுகிறவர் ஈரச் சாக்கில் ஒரு கட்டு வாங்கி வேன் சீட்டுக்கடியில் வைத்துக்கொள்வார். சுற்றுலாவில் விவசாயம் பார்க்காதே என்று வீட்டுக்காரம்மா கடிந்துகொள்வது வயிற்றெரிச்சலில்தான். சங்கு வளையல் வாங்கக் கேட்ட காசு நாற்றுக்குப் போயிருக்கும்.

இன்னொரு ஆஃப் சீசன் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அறை வாடகை அப்போதும் இறங்கும். ஆனால் அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் கேட்கிற காலம் அது. 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது, தெருவெல்லாம் தண்ணீர். தனியாக வருகிறவருக்கு அதுவும் ஓர் அனுபவமாக இருக்கலாம். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

கம்பத்துக்காரர்களில் ஒரு பகுதியினர் கிழக்கே பார்ப்பதே இல்லை. குமுளி ஏறி, பீர்மேடு, கோட்டயம் வழியாக ஆலப்புழை அவர்களுக்குப் பக்கம். ஜூன், ஜூலையில் அங்கே கதை தலைகீழ். கொட்டும் மழை, அரபிக்கடல் கரையை அறுக்கும், படகு வீடுகள் வாடகையைக் குறைத்துக்கொண்டு கட்டிக்கிடக்கும். கிழக்கே தடை முடிகிற அதே வாரத்தில் கேரளத்தில் டிராலர்களுக்கு 52 நாள் தடை தொடங்கியிருக்கும். ஜூலை 31 வரை நீடிக்கும். இத்தனைக்கும் நடுவே அம்பலப்புழை, புறக்காடு கடற்கரையில் மழைக்காலத்தில் சில வாரம் கடல் சேறு கலங்கி அலையடங்கிக் கிடக்கும். சாகரா என்பார்கள். மீன் மொய்க்கும், சின்ன வள்ளங்கள் ஊரோடு இறங்கும். அதைப் பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம். போகிற வழியில்தான் சிக்கல்: குட்டிக்கானம் இறக்கத்தில் மண் சரிந்தால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

ஒரே காற்றுதான். மேற்கே போனால் மழையாக நிற்கிறது, கிழக்கே போனால் மணலாக அடிக்கிறது, நடுவில் நாற்றங்காலுக்குத் தண்ணீராக வந்திருக்கிறது.

ஆனால் இந்த ஆஃப் சீசன் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. தனுஷ்கோடிச் சாலை வந்த பிறகு சனி, ஞாயிறு என்றால் எந்த மாதமானாலும் அரிச்சல்முனை வளைவில் கார்கள் அடைத்துக்கொள்கின்றன. 2022 கடைசியில் பழைய பாலம் மூடியதிலிருந்து மண்டபத்தோடு நின்றுவிட்ட ரயில்கள் புதிய பாலத்தில் தீவுக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன. லாட்ஜ்காரர்களுக்கு மகிழ்ச்சி, அவர்களைக் குறைசொல்ல முடியாது. காலியான மாதத்தைத் தேடி வந்தவர்கள் இனிக் காலியான கிழமையைத் தேட வேண்டும். செவ்வாய் கிளம்பி வியாழன் திரும்புவதுதான் இப்போதைக்குச் சரி.

கிழமை என்று வந்ததும் பள்ளிக்கூடம் குறுக்கே நிற்கிறது. ஜூனில் புதிய வகுப்பு, புதிய புத்தகம், புதிய டீச்சர். முதல் மாதமே மூன்று நாள் லீவு என்றால் என்ன காரணம் எழுதுவது? கடல் பார்க்கப் போகிறோம் என்று எழுதுகிற துணிச்சல் எந்த அப்பாவுக்கும் கிடையாது. பாட்டிக்கு நேர்த்திக்கடன், தாத்தாவுக்குத் திதி என்று எழுதுகிறார்கள். ராமேஸ்வரம் என்பதால் அது முழுப் பொய்யும் ஆகாது. வெள்ளிக்கிழமை கறுத்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைகிற பிள்ளையின் பையில் சங்கு இருப்பதைப் பார்க்கிற டீச்சர், தானும் அதே பள்ளத்தாக்கில் நாற்றங்கால் வீட்டில் பிறந்தவராக இருந்தால், ஒன்றும் கேட்பதில்லை.